பழைய நாடகப் போட்டோவுக்கு வண்ணம்: கேட்டதும் சொன்னதும்

மண்டபம் தம்பி: அண்ணே, தாத்தா வள்ளி திருமணத்தில் வேலன் வேஷம் கட்டியவர். அவர் போட்டோ பிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கிறது. உரிக்கலாமா?

தொடவே தொடாதே. நம்ம ஊர் உப்புக்காற்று ஈரத்தில் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் ஊறிப் பசை மாதிரி ஆகிவிடும். நான் ஒருமுறை அவசரப்பட்டு உரித்து, நாரதர் முகம் கண்ணாடியோடு போய்விட்டது, கையும் சப்ளாக்கட்டையும் மட்டும்தான் மிச்சம். கண்ணாடியோடேயே படம் எடு: ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், கருப்புத் துணியில் ஓட்டை போட்டு அதன் வழியே எடுத்தால் உன் முகம் அதில் தெரியாது.

பாம்பன் தங்கச்சி: ஸ்கேன் எவ்வளவு டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வைக்க? மஞ்சள் கறை வேறு நிறைய இருக்கு அண்ணே.

அஞ்சல் அட்டை அளவு என்றால் 600, அதைவிடச் சிறிசு என்றால் 1200, தரம் குறையாத டிஃப் (TIFF) ஃபைலாகச் சேமி. கருப்பு வெள்ளைப் படம்தானே என்று கிரேயில் எடுக்காமல் கலரிலேயே ஸ்கேன் செய். கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலாக, அதாவது மூன்று தனி அடுக்காக இருக்கும். மஞ்சள் கறை நீலச் சேனலில்தான் கருப்பாக விழும், சிவப்புச் சேனலை மட்டும் எடுத்துப் பார், பாதிக் கறை காணாமல் போயிருக்கும்.

தொண்டியிலிருந்து ஒருவர்: தானாக வண்ணம் போடும் ஆப்பில் போட்டால் வள்ளி சேலை கரும்பழுப்பாக வருகிறது. பாட்டியோ அரக்குச் சிவப்பு என்று சத்தியம் செய்கிறார்.

பாட்டி பக்கம்தான் நியாயம். அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேடிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியவே தெரியாது, அதனால் குங்குமம், வெற்றிலை போட்ட உதடு, சிவப்புச் சேலை எல்லாம் கருப்பாக விழும், நீலத் திரையோ வெளுத்துப்போகும். பிற்பாடு வந்த பான்குரோமேடிக் ஃபிலிமில் இந்தக் கோளாறு இல்லை. ஆப்புக்கு இதெல்லாம் எங்கே தெரியும், கருப்பைப் பார்த்தால் கருப்பு என்கும்! நீங்கள் கிரீட்டா, கிம்ப் மாதிரி படம் திருத்தும் மென்பொருளில் கையாலேயே செய்யுங்கள். முதலில் சேலையை மட்டும் தேர்ந்தெடுத்து கர்வ்ஸில் (வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி) நடுச் சாம்பல் வரை வெளுக்க வைத்து, அப்புறம் அதன் மேல் தனி லேயரில் (படத்தின் மேல் வைக்கும் தனி அடுக்கு), கலர் மோடில், சிவப்பைப் பூசுங்கள். வெளுக்காமல் பூசினால் எவ்வளவு பூசினாலும் கருப்பு கருப்பாகவே நிற்கும், ஏனென்றால் அந்த மோடு நிறத்தை மாற்றுமே தவிர வெளிச்ச அளவைத் தொடாது. ஜரிகைக்குத் தங்க நிறம் அள்ளிப் பூச வேண்டாம், கல்யாண ஆல்பம் மாதிரி ஆகிவிடும்.

மண்டபம் தம்பியே மறுபடி: தாத்தாவுக்குப் பின்னால் தனுஷ்கோடி இடிந்த சர்ச்சை வைக்கலாமா அண்ணே?

வை. ஆனால் தாத்தா படம் ஸ்டுடியோவில், வரைந்த திரைக்கு முன்னால், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்தது. நடுப்பகல் சர்ச் படத்தை ஒட்டினால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும், காலையிலேயே போய் எடு. இன்னொன்று, தாத்தா படம் 1964 புயலுக்கு முந்தியது என்றால் அப்போது சர்ச்சுக்குக் கூரை இருந்ததப்பா. அதையும் நீயே வரைந்துவிடு.