செய்மதிப் படத்தை வைத்து டெங்கு எங்கே வரும் என்று சொல்ல முடியுமா? (பல்கலைக்கழக ஆய்வுக்காகக் கேட்கிறேன்)

எங்கே என்பது கஷ்டம். எப்போது என்பதை ஓரளவு சொல்லலாம். நான் வரைபட வேலை செய்பவன், வீடு வெள்ளவத்தை.

லாண்ட்சாட் செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி 30 மீட்டருக்கு 30 மீட்டர். கொழும்புக் கணக்கில் சுமார் 35 பேர்ச் காணி. எங்கள் ஒழுங்கையில் அதற்குள் நாலைந்து வீடு அடங்கும். சென்டினல்-2 செய்மதி பரவாயில்லை, ஒரு புள்ளி 4 பேர்ச். டெங்கு நுளம்புக்கோ யோகட் கப்பில் தேங்கிய தண்ணீரே போதும்.

மலேரியா வேறு கதை. 1934-35இல் இலங்கையில் அது பரவியது மழை பொய்த்ததால். ஆறுகள் வற்றிக் குட்டைகளாகத் தேங்க, அனோபிலிஸ் நுளம்பு அவற்றில் பெருகியது; சுமார் 80,000 பேர் இறந்தார்கள். ஆறு வற்றுவது இன்று செய்மதிப் படத்திலேயே தெரியும். ஆனால் 2016இல் உலக சுகாதார நிறுவனம் நம்மை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்துவிட்டது!

2017இல் நாடு முழுக்க 186,000 பேருக்கு டெங்கு. எங்கள் மகனும் அதில் ஒருவன். வீட்டுக்கு வந்த பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பூச்சட்டி, பீலி எல்லாம் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பிரிட்ஜை முன்னால் இழுக்கச் சொன்னார். பின்பக்கத் தட்டில் குடம்பிகள் நெளிந்தன. "இது எப்ப கழுவினது?" என்றார். மனைவி என்னைப் பார்த்தாள்.

அப்புறம், "மகன் பகலில் எங்கே?" என்று கேட்டார். பள்ளிக்கூடம், பிறகு பம்பலப்பிட்டியில் டியூஷன். இந்த நுளம்பு கடிப்பது பகலில்தான். எங்கே கடிபட்டானோ, நோயாளர் வரைபடத்தில் புள்ளி விழுந்தது எங்கள் வீட்டில்.

சரி, செய்மதி எதற்கு உதவும்? மழையும் வெப்பமும் பார்க்க. முட்டை நுளம்பாக ஒரு வாரம், பத்து நாள். நோயாளியைக் கடித்த நுளம்பின் உடம்பில் வைரஸ் பெருகக் கிட்டத்தட்ட இன்னும் அவ்வளவு. அது கடித்தவருக்குக் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். ஆக, மழைக்கும் வார்டு நிரம்புவதற்கும் நடுவே சில வாரம் கிடைக்கிறது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஜூன், ஜூலையில் கொழும்பில் டெங்கு ஏறுவது இப்படித்தான். பழைய நோயாளர் எண்ணிக்கையையும் மழைத் தரவையும் வாரக்கணக்கில் தள்ளித் தள்ளி ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் ஆய்வுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

நோயாளர் பட்டியல் கிடைத்தால் வீட்டு விலாசத்தோடு நிற்காமல், பகலில் இருக்கும் இடத்தையும் கேட்டு இன்னொரு நிரலில் போடுங்கள். பிரிட்ஜ் தட்டை எந்தச் செய்மதியும் காட்டாது. அதை நான் இப்போது ஞாயிறுதோறும் கழுவுகிறேன்.