சதுப்பு மண்ணில் எக்ஸ்கவேட்டருக்கு எந்த விரிப்பு?

தெலுக் இந்தானில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் 20 டன் எக்ஸ்கவேட்டரை இறக்க, அது புதையாமல் இருக்க அடியில் போடுவது பிளாஸ்டிக் விரிப்பா, மரமா, இரும்புத் தகடா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் மண்ணைப் பாருங்கள். 12 மி.மீ. இரும்புக் கம்பியைக் கையால் குத்துங்கள். முழங்கால் ஆழத்துக்குச் சிரமமில்லாமல் இறங்கினால் அது காம்புட் (மட்கிய தாவரங்கள் சேர்ந்த சதுப்பு மண்) மாதிரி இளகிய மண். அங்கே பிளாஸ்டிக் விரிப்பை நம்பவே நம்பாதீர்கள். அது எடையோடு சேர்ந்து வளையும். விறைப்பான பொருள்தான் எடையைப் பரப்பும். தடித்த மரக்கட்டைகளை போல்ட் போட்டு இணைத்த விரிப்புதான் என் தேர்வு. இரும்புத் தகடு வலுவானது, ஆனால் மழைச் சேறு பட்டால் வழுக்கும். நம் ஊர் மழையைச் சொல்லவா வேண்டும்!

இறுகிய செம்மண் என்றால் பிளாஸ்டிக்கே போதும். தூக்கிப் போடவும் எளிது.

இன்னொன்று, பலர் எக்ஸ்கவேட்டரை மட்டும் கணக்குப் பார்க்கிறார்கள். அதன் சங்கிலித் தடம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 5 டன்தான் அழுத்தும். மண் ஏற்றிய லோரியின் டயர் அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் அழுத்தும். அதனால் லோரி வரும் பாதைக்கும் விரிப்பு போடுங்கள். கிரேன் வந்தால், அது தூக்கும்போது பக்கவாட்டில் ஊன்றும் கால்களுக்கு இதெல்லாம் போதாது. பொறியாளரிடம் தனியாகக் கணக்குப் போட்டு வாங்குங்கள்.