உப்பளத்தில் என்ன அறிவியல்?

அன்புள்ள ஐயா,

தூத்துக்குடி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஆவியாதலுக்கு யூடியூபிலிருந்து ஒரு வீடியோ போட்டேன். பிள்ளைகள் ஆர்வமாகத்தான் பார்த்தார்கள். ஒரு கேள்விகூட வரவில்லை. பக்கத்து உப்பளத்தை நானே செல்போனில் எடுத்துக் காட்டி, அதை வைத்து ஒரு புராஜெக்ட் கொடுக்கலாமா? "தினமும் பார்க்கிறதுதானே, அதில் என்ன அறிவியல்?" என்கிறார்கள் சக ஆசிரியர்கள்.

ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

தாராளமாக எடுங்கள். ஆனால் சூரிய உதயம், பின்னணி இசை, 'நீர் ஆவியாகி உப்பு கிடைக்கிறது' என்றொரு கம்பீரக் குரல் என்று எடுத்தால், பழைய வீடியோவுக்கும் இதற்கும் ஊர்தான் வித்தியாசம். விடையையும் சொல்லிவிட்டால் பிள்ளை எதைக் கேட்கும்? மத்தியப் பிரதேசத்தில் 1972இல் தொடங்கி 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டத்தின் புத்தகங்களில் சோதனையும் கேள்வியும்தான் இருக்கும். விடையைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க வேண்டும். உங்கள் வீடியோவும் அப்படி இருக்கட்டும்.

உப்பளத்தில் கேள்விக்கா பஞ்சம்? உப்பு வாரியபின் பாத்தியில் மிஞ்சும் நீரை வெளியேற்றிவிடுவார்கள். அதையும் ஏன் காயவிடுவதில்லை? வீடியோவை அங்கேயே நிறுத்துங்கள். (அதில் மக்னீசியம் உப்புகள் திரண்டிருக்கும், காயவிட்டால் உப்பு கசக்கும், ஈரம் இழுக்கும். இது உங்களுக்கு மட்டும்.)

அப்புறம், அளவு. உப்பளத்தில் 'டிகிரி' என்பது வெப்பம் அல்ல; நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி காட்டும் பாமே அளவு. நீரில் உப்பு கூடக் கூட அதுவும் ஏறும். கடல்நீர் 3 டிகிரி சொச்சம். 25ஐ நெருங்கும்போதுதான் உப்பு படியத் தொடங்கும். பிள்ளைகளே ஒரு ஹைட்ரோமீட்டர் செய்யலாம். ஸ்ட்ராவின் ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, நல்ல தண்ணீரில் நிமிர்ந்து மிதக்கவிட்டு, நீர்மட்டத்தில் மார்க்கரால் கோடு போடச் சொல்லுங்கள். உப்புநீரில் விட்டால் அந்தக் கோடு நீருக்கு மேலே வந்துவிடும். அகலப் பாத்திரத்தில் கடல்நீரைக் காயவைத்து, நாளுக்கு ஒருமுறை டம்ளரில் எடுத்து அளக்கட்டும். தெர்மாகோல் எரிமலைக்கு இது எவ்வளவோ தேவலை.

ஒரே ஒரு எச்சரிக்கை. உப்பளத் தொழிலாளர்களின் வெயிலில் வெடித்த கால்களை க்ளோசப்பில் காட்டி இரக்கம் தேடாதீர்கள். அவர்கள் பிள்ளைகள்தான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். எந்தப் பாத்தி வாரத் தயார் என்று பார்த்தே சொல்லும் அம்மா ஒருவரிடம், அது எப்படித் தெரிகிறது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர் சொல்வதும் ஸ்ட்ரா சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பிள்ளைகள் பார்க்கட்டும்.

அக்டோபரில் மழை பிடித்துக்கொண்டால் உப்பு வாருவது நின்றுவிடும். அதற்குள் எடுத்துவிடுங்கள்.