காரை விற்று ஒன்றரை வருடம் ஆகிறது. விபத்து வழக்கு என் பெயரில் வந்திருக்கிறது

கேள்வி: நான் கரூர் மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2024 ஆகஸ்டில் என் ஸ்விஃப்ட் காரைப் பக்கத்து ஊரில் உள்ள ஒரு கார் கன்சல்டிங்கில் (பழைய கார் வாங்கி விற்கும் கடை) விற்றேன். 'அரசு உரிமம் பெற்றது' என்று போர்டு வைத்திருந்தார்கள். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் நிரப்பாமலே கையெழுத்து வாங்கினார்கள், ஆர்சி புக்கையும் வாங்கிக்கொண்டு ஒரு டெலிவரி நோட் கொடுத்தார்கள். பெயர் மாற்றும் செலவு என்று 3,500 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியை வங்கிக் கணக்குக்கு அனுப்பினார்கள். சில மாதம் கழித்துப் பெங்களூருவிலிருந்து இ-சலான் வர ஆரம்பித்தது. கேட்டபோது 'பார்ட்டி கட்டிவிடுவார் சார்' என்றார்கள். இப்போது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. 2025 நவம்பரில் அந்தக் கார் மோதி ஒருவர் இறந்துவிட்டாராம். என்னை இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்திருக்கிறார்கள். கன்சல்டிங் உரிமையாளர் போனை எடுப்பதில்லை. என்னைக் கைது செய்வார்களா? என் பென்ஷனைப் பிடிப்பார்களா? மகளுடைய ஸ்கூட்டரையும் விற்க வேண்டியிருக்கிறது, இனி எப்படி விற்பது?

பதில்: ஐயா, கைது பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். கவனக்குறைவாக ஓட்டி உயிரிழப்பு ஏற்படுத்திய குற்ற வழக்கு, காரை ஓட்டியவர் மீதுதான் வரும். நீங்கள் அந்தக் காரில் இல்லை, ஓட்டச் சொல்லி யாருக்கும் கொடுக்கவும் இல்லை. உங்களுக்கு வந்திருப்பது இழப்பீட்டு மனு, பணம் சம்பந்தப்பட்டது. ஆனால் அதை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. காரணத்தைச் சொல்கிறேன்.

நீங்கள் காரை விற்றது உண்மை. பணம் வாங்கி, சாவியைக் கொடுத்த அன்றைக்கே உங்களுக்கும் அந்தக் கன்சல்டிங்குக்கும் இடையில் விற்பனை முடிந்துவிட்டது. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி அதற்கு ஆர்டிஓ ஆபீஸ் முத்திரை தேவையில்லை. ஆனால் ரோட்டில் அடிபட்டவருக்கும் உங்களுக்கும் இடையில் பேசுவது வேறு சட்டம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 2(30)-இல், வாகனம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது. தவணை ஒப்பந்தத்தில் உள்ள வண்டி போன்ற சில விதிவிலக்குகள் அதில் உண்டு. உங்களுடையது அவற்றில் வராது. வண்டி கையில் இருப்பவர், ஓட்டுபவர், பணம் கொடுத்து வாங்கியவர் என்று யார் இருந்தாலும், ஆர்சியில் உள்ள பெயர் உங்களுடையது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதே கேள்விக்கு விடை சொன்னது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி.ஒய். சந்திரசூட். ஒருவர் 2007-இல் விற்ற கார், பெயர் மாறாமலே பல கை மாறி, 2009-இல் விபத்தில் சிக்கியது. பின்னால் வாங்கியவர்தான் பொறுப்பு என்று உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஆர்சியில் பெயர் உள்ள முதல் ஆளே பொறுப்பு என்றது. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், இந்த வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொரு கையாகத் தேடிக்கொண்டு அலையக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் மையம். உங்கள் பக்கம் நிற்கும் வக்கீலாகப் பார்த்தால் இது கடுமையாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் குடும்பத்தின் இடத்திலிருந்து பார்க்கும்போது வேறு நியாயம் எனக்குத் தோன்றவில்லை.

அதனால் தீர்ப்பாயத்தில் போய் 'நான் விற்றுவிட்டேன், என்னை விட்டுவிடுங்கள்' என்று மட்டும் சொன்னால் போதாது. உங்களைக் காப்பாற்றக்கூடியது இன்சூரன்ஸ்தான். விபத்து நடந்த அன்று அந்தக் காருக்கு செல்லத்தக்க இன்சூரன்ஸ் இருந்ததா? இந்த ஒரு கேள்விக்கான விடைதான் உங்கள் வழக்கில் முக்கால்வாசி. நோட்டீசோடு வந்த மனுவை எடுத்துப் பாருங்கள். எதிர்மனுதாரர்கள் வரிசையில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். டிரைவரும் நீங்களும் மட்டும்தான் என்றால், உடனே பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இன்சூரன்ஸ் விவரம் பாருங்கள். கன்சல்டிங்கிடமிருந்து வாங்கியவர் உங்கள் பெயரிலேயே பாலிசியைப் புதுப்பித்திருக்க வாய்ப்புண்டு. பழைய வண்டிச் சந்தையில் இது சாதாரணமாக நடப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவுப்படி வண்டி கை மாறும்போது மூன்றாம் நபர் காப்பீடும் கூடவே மாறியதாகக் கருதப்படும். எனவே பாலிசி உயிரோடு இருந்தால், பெயர் மாறவில்லை என்று சொல்லிக் கம்பெனி தப்பிக்க முடியாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரிய வந்தால், கம்பெனி அந்தக் குடும்பத்துக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் திரும்ப வசூலிக்கும்படி தீர்ப்பாயம் சொல்லக்கூடும். அப்போது உரிமையாளர் என்று நிற்பது நீங்கள்தான்.

இன்சூரன்ஸே இல்லை என்றால் தொகை நேராக உங்கள் மீது விழும். பென்ஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அரசு ஓய்வூதியத்தை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. வீட்டுக்கும் நிலத்துக்கும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தீர்ப்பாயத்தின் சான்றிதழ் பேரில் மாவட்ட ஆட்சியர் மூலம் நில வரி பாக்கி போல வசூலிக்க முடியும்.

ஆகவே நோட்டீசில் போட்டிருக்கும் தேதிக்கு வக்கீல் மூலம் ஆஜராகியே தீர வேண்டும். 'நான் விற்ற கார்தானே, எனக்கென்ன' என்று போகாமல் இருந்துவிட்டு, ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்த பிறகு ஓடி வருபவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு வேதனைதான் மிச்சம். எதிருரையில் (நீங்கள் தாக்கல் செய்யும் பதில் மனு) விற்ற தேதி, நேரம், யாரிடம் விற்றீர்கள், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். கூடவே கன்சல்டிங் உரிமையாளரையும், அவரிடமிருந்து வாங்கியவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கச் சொல்லி மனுப் போடுங்கள். அவர்கள் வந்துவிட்டால் நீங்கள் விலகிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். நாளைக்கு நீங்கள் பணம் கட்டும்படி ஆனால் அவர்களிடமிருந்து வசூலிக்க ஒரு வழக்குப் போட வேண்டியிருக்கும். விற்றது எப்போது, வண்டி யாரிடம் இருந்தது என்பது இங்கேயே பதிவாகிவிட்டால் அந்த வழக்கு பாதி முடிந்த மாதிரி.

டெலிவரி நோட்டின் ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு அறிக்கை, கன்சல்டிங்கோடு பேசிய வாட்ஸப் செய்திகள், இ-சலான் மெசேஜ்கள் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். செல்போனில் உள்ளதை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63(4) பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார், நீங்கள் எதையும் அழிக்காமல் இருந்தால் போதும். அப்புறம், அந்தக் காரில் உங்கள் ஃபாஸ்டேக் ஒட்டியிருந்ததா? அது இன்னும் உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தால், கார் எந்தெந்த டோலை எந்த நாளில் தாண்டியது என்ற அறிக்கையை வங்கியிலிருந்து முதலில் வாங்கிக்கொண்டு, பிறகு அதை மூடுங்கள். நீங்கள் கரூரில் இருந்த நாளில் வண்டி கர்நாடக எல்லையில் ஓடியிருந்தால், அது உங்களுக்கு நல்ல சாட்சி.

இனி அந்த 'அரசு உரிமம்' போர்டுக்கு வருகிறேன். கடை நடத்த நகராட்சி கொடுக்கும் உரிமம் ஒன்று, ஜிஎஸ்டி பதிவு இன்னொன்று. இரண்டும் பெயர் மாற்றத்துக்கு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. பழைய வாகனம் வாங்கி விற்பவர்களுக்கென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் தனியாக ஒரு அங்கீகாரம் 2022 டிசம்பரில் கொண்டுவரப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பதிவு அதிகாரி ஃபார்ம் 29பி என்ற சான்றிதழைத் தருவார். ஐந்து ஆண்டு செல்லும். அப்படி அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது, ஃபார்ம் 29சி மூலம் ஒப்படைத்த விவரம் ஆன்லைனில் ஆர்டிஓவுக்குப் போகும். அது பதிவான பிறகு அடுத்தவர் பெயருக்கு மாறும் வரை டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார். பெயர் மாற்றம், ஆர்சி புதுப்பித்தல், எஃப்சி (தகுதிச் சான்று), என்ஓசி (தடையில்லாச் சான்று) எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். ஒப்படைத்த வண்டியை ஓட்டிப் பார்க்க, காட்சிக்கு வைக்க, ரிப்பேருக்கு, பெயிண்ட்டுக்கு, ஆய்வுக்கு என்று மட்டுமே அவர் வெளியே எடுக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு தடவையும் மின்னணுப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

நீங்கள் விற்ற 2024 ஆகஸ்டில் இந்த விதி இருந்தது. உங்களுக்கு 29சி பற்றி யாருமே சொல்லவில்லை; வெற்று 29, 30-இல் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்கள். காரணம் எளிது. 29சி போட்டால் வண்டி அவர் பொறுப்பில் வரும். வெற்று ஃபார்மை வைத்துக்கொண்டால், யார் வாங்குகிறாரோ அவர் பெயரை நிரப்பிக்கொள்ளலாம், நடுவில் இரண்டு மூன்று கை மாறினாலும் கணக்கில் வராது. அவர் எங்கும் எழுத்தில் இருக்க மாட்டார், நீங்கள் மட்டும் இருப்பீர்கள்.

அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். உங்களிடம் 3,500 ரூபாய் பெயர் மாற்றத்துக்கென்று வாங்கியது முக்கியம். காசு வாங்கிக்கொண்டு சேவையைச் செய்யவில்லை என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க அது வழி திறக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம்; சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுக்குள் செய்ய வேண்டும். விற்ற நாளிலிருந்து எண்ணினால் 2026 ஆகஸ்டில் அந்தக் காலம் முடிகிறது. தள்ளிப் போடாதீர்கள்.

காவல் நிலையத்திலும் எழுத்துப் புகார் கொடுத்து, குறைந்தபட்சம் சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது) வாங்குங்கள். ஏமாற்றும் நோக்கம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிக்கான 318-ஆம் பிரிவு நிற்கும். வெறும் அலட்சியம் மோசடி ஆகாது. இருந்தாலும், புகார் போனதும் போன் எடுக்காத ஆள் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஆர்டிஓவுக்கு இன்றே பதிவுத் தபாலில் ஃபார்ம் 29-ஐ டெலிவரி நோட் நகலோடு அனுப்புங்கள். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு, நீங்கள் தாமதம். சிறு அபராதம் வரலாம், கட்டிவிடுங்கள். நடந்த விபத்துக்கு இது உதவாது. அந்தக் கார் இன்னும் ரோட்டில்தான் இருக்கிறது என்பதால் அனுப்பச் சொல்கிறேன். அந்த வண்டி எண்ணில் இனி எந்தப் பரிவர்த்தனையும் உங்களுக்குத் தெரியாமல் நடக்கக் கூடாது என்றும் எழுதிக் கேளுங்கள். இ-சலான்களுக்கு வெறுமனே பணம் கட்டிவிடாதீர்கள். கட்டினால் வண்டி என்னிடம்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டது போல வாதிட இடம் கொடுக்கும். ஓட்டியவர் விவரத்தைக் கேட்டால் உரிமையாளர் சொல்ல வேண்டும் என்பது அதே சட்டத்தின் 133-ஆம் பிரிவு. உங்களுக்குத் தெரிந்த விவரம் டெலிவரி நோட்டில் உள்ள பெயர்தான், அதையே எழுதி அனுப்புங்கள்.

மகளின் ஸ்கூட்டரைப் பொறுத்தவரை, தெரிந்தவர் யாராவது வாங்கினால் அதுவே மேல். இரண்டு பேரும் பரிவாகனில் விண்ணப்பித்து, ஆர்டிஓ வேலையை முடித்த பிறகு சாவியைக் கொடுக்கட்டும். டீலர் மூலம்தான் விற்பீர்கள் என்றால் 29பி சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், அதில் கடை முகவரியும் காலாவதித் தேதியும் சரியா என்று பாருங்கள். வங்கிக் கடன் முடிந்திருந்தால் ஆர்சியில் எச்பி (வண்டி மேல் கடன் இருப்பதற்கான குறிப்பு) ரத்தாகியிருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். மகளின் இப்போதைய மொபைல் எண் ஆர்சியில் பதிவாகியிருக்க வேண்டும். 29சி ஒப்புகையைக் கண்ணால் பார்த்த பிறகு வண்டி வீட்டு வாசலைத் தாண்டட்டும். டீலர் 'அதெல்லாம் நாங்கள் அப்புறம் போட்டுக்கொள்கிறோம்' என்றால், கொஞ்சம் விலை குறைந்தாலும் பரவாயில்லை, வேறு கடைக்குப் போங்கள்.

தீர்ப்பாய நோட்டீசின் நகலையும், மனுவின் முதல் இரண்டு பக்கத்தையும் எனக்கு அனுப்பி வையுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனி அதில் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று பேசுவோம்.