கோடைக்கால ஆய்வுப் பயிற்சி: நம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதுவது எப்படி?

கேள்வி: டெல்டாவில் ஒரு கலைக் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். நல்ல மார்க் எடுக்கும் பி.எஸ்சி. மாணவர்கள்கூட ஸ்டைபெண்டோடு கிடைக்கும் ஆய்வுப் பயிற்சிகளுக்குத் தேர்வாவதில்லை. நான் என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் நாம் தரும் பரிந்துரைக் கடிதத்தில்தான் ஓட்டை. "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, பணிவுள்ளவர்" என்று எழுதித் தருகிறோம். அது டி.சி.யோடு கொடுக்கிற நன்னடத்தைச் சான்றிதழ். விண்ணப்பங்களைப் புரட்டுகிறவருக்குத் தெரிய வேண்டியது, இந்தப் பிள்ளையை லேபில் தனியாக விட்டால் என்ன செய்யும் என்பதுதான். அதை எழுத, முதலில் நீங்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே ஜூன், ஜூலையிலேயே சின்ன வேலை ஒன்றைக் கொடுங்கள்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். வேதாரண்யம், தலைஞாயிறு பக்கத்துப் பிள்ளைகளை வீட்டு வயலிலிருந்து மண் எடுத்து வரச் சொல்லுங்கள். நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, 20 கிராம் மண்ணுக்கு 50 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் விட்டு, அரை மணி நேரம் அவ்வப்போது கலக்கி, பி.எச்.சும் (அமில-காரத் தன்மை) ஈ.சி.யும் (மின்கடத்தும் திறன்; உப்பு எவ்வளவு என்று காட்டுவது) பார்க்கட்டும். பஃபர் கரைசலில் (பி.எச். தெரிந்த கரைசல்) பி.எச். மீட்டரைச் சரிபார்க்காமல் எடுத்த அளவைக் கிழித்துப் போடச் சொல்லுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. ஈ.சி. 4 dS/m-ஐ (ஒரு மீட்டர் நீளத்துக்கு 4 டெசிசீமன்ஸ்) தாண்டினால் உவர் மண் என்று புத்தகத்தில் இருக்கும். அது சாச்சுரேஷன் எக்ஸ்ட்ராக்டுக்கு, அதாவது மண்ணைச் சேறாகக் குழைத்து உறிஞ்சியெடுத்த சாற்றுக்கான எல்லை. ஒன்றுக்கு இரண்டரை பங்கு நீர் விட்டால் உப்பு நீர்த்துப்போய் அளவு குறைவாகத்தான் காட்டும். 1.8 வந்ததும் "உவர் இல்லை" என்று எழுதிவிட்டு எழுந்துபோகிறவர்கள்தான் அதிகம். "சார், அந்த நாலும் இந்த ஒன்னு எட்டும் ஒரே அளவா?" என்று எவராவது கேட்டால், அவருக்கான கடிதத்தில் முக்கியமான பத்தி கிடைத்துவிட்டது.

கடிதம் ஒரு பக்கம் போதும். எத்தனை நாளாக, எந்த வகையில் தெரியும். மேலே சொன்னது போல ஒரு சம்பவம், அளவுகளோடு. வகுப்பில் எத்தனை பேரில் எந்த இடம். பிளஸ் டூ வரை தமிழ் வழி என்றால் அதையும் எழுதுங்கள், ஆங்கிலத்தில் பேசத் தயங்குவார், எழுதிக் கொடுத்தால் தெளிவாக இருக்கும் என்று. குறையை மறைத்த கடிதத்தை யாரும் நம்புவதில்லை. மாணவரையே எழுதி வரச் சொல்லிக் கையெழுத்துப் போடும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்; அவருடைய விண்ணப்பக் கட்டுரையும் உங்கள் கடிதமும் ஒரே நடையில் இருப்பது முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். ஒரே திட்டத்துக்குப் பேரை மட்டும் மாற்றி ஐந்து கடிதம் போனால் ஐந்தும் வீண்.

இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் இரண்டு மாதக் கோடைக்கால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பம் வழக்கமாக நவம்பரையொட்டி முடியும். நமக்கு அது செமஸ்டர் தேர்வு, மழை விடுமுறை, கரண்ட் கட் எல்லாம் சேர்ந்து வரும் நேரம். எதையும் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். சில தளங்கள் கடிதம் கேட்டு ஆசிரியரின் மெயிலுக்கே லிங்க் அனுப்பும். அது ஸ்பேமில் கிடக்கும். கல்லூரி மெயில் ஐடி இல்லாவிட்டால் முதல்வரிடம் சொல்லி இப்போதே வாங்கிவிடுங்கள்.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை தரும் இன்ஸ்பயர் உதவித்தொகை வாங்கும் மாணவர் இருந்தால், ஆண்டுக்கு வரும் 80,000 ரூபாயில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கென்றே கொடுப்பது. அதைப் பேருக்கு ஒரு ரிப்போர்ட் பைண்ட் பண்ணித் தீர்க்க விடாதீர்கள்.

பேராசிரியர்களுக்கு நேரடியாக மெயில் போடுவதென்றால் ஆறேழு பேருக்குப் போதும். ஒவ்வொருவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டு, 150 வார்த்தைக்குள். "ரெஸ்பெக்டட் சார்" என்று நூறு பேருக்கு ஒரே மெயிலைத் தட்டினால், அவர்களில் பாதிப்பேர் மேடமாக இருப்பார்கள்.

தேர்வான பிறகு தடுக்கி விழுவது பணத்தில். ஸ்டைபெண்ட் பெரும்பாலும் மாதம் முடிந்தோ, பயிற்சி முடிந்தோதான் வரும். மெஸ் அட்வான்ஸும் ரயில் டிக்கெட்டும் முதலிலேயே வேண்டும். முன்னாள் மாணவர் சங்கத்தில் கைமாற்றாக வாங்கித் தர முடியுமா என்று பாருங்கள். பெண் பிள்ளை என்றால் ஹாஸ்டல் வார்டன் எண்ணை வாங்கி, அம்மா அப்பாவிடம் நீங்களே பேசுங்கள். ஒரு வங்கி இன்னொன்றோடு இணைந்ததில் ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறிப்போன பழைய பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டுப் பணம் வரவில்லை என்று அலைவதும் உண்டு. கிளம்பும் முன் அதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.