பூ வைத்த கொத்தமல்லிக்கு டானிக் எதற்கு?

கேள்வி: குழித்தட்டு நாற்றாகக் கொத்தமல்லி வாங்கி நட்டேன். மூன்று வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் நடுத்தண்டு நிமிர்ந்து, மேல் இலைகள் நூல்போல் மெலிந்து, மொட்டும் வந்துவிட்டது. பூவை நிறுத்த ஒரு டானிக் தெளிக்கும்படி கடைக்காரர் சொல்கிறார். எத்தனை மில்லி தெளிக்கலாம்?

பதில்: ஒரு மில்லிகூட வேண்டாம். தண்டு எழும்பிய மல்லியை மறுபடி தழைக்குத் திருப்பும் மருந்து கிடையாது. மொட்டைக் கிள்ளினால் சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

ஏன் நாற்றாக வாங்கினீர்கள்? ஒரு செடியைப் பிடுங்கி, மண்ணை உதறி, வேரைப் பாருங்கள். நேரே இறங்க வேண்டிய ஆணிவேர் குழியின் அடியில் முட்டித் தூண்டில் முள்ளாக வளைந்திருக்கும். மல்லி, கேரட்டின் குடும்பம். கேரட்டை யாராவது நாற்று விட்டு நடுவார்களா? வெயில், நீண்ட பகல், தண்ணீர்த் தட்டுப்பாடு, வேரில் அடி, இதில் எது வந்தாலும் மல்லி விதை வைக்க அவசரப்படும். உங்கள் செடி அந்த அடியைத் தட்டிலேயே வாங்கிவிட்டது. மல்லியை நாற்றாக விற்பதே தப்பு என்பேன். வாங்குகிறவருக்குப் பத்து நாள் மிச்சம் என்று சொல்லி விற்கிறார்கள். அறுவடையில் அதைவிட அதிகமாகப் போய்விடுகிறது.

நேரடியாக விதையுங்கள். நாம் விதை என்று சொல்லும் உருண்டை உண்மையில் காய். உள்ளே இரண்டு விதை. பலகையால் லேசாக உருட்டிப் பிளந்து, ஓர் இரவு ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் போடுங்கள். முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். அதுவரை மண்ணைக் கிளறாதீர்கள். முழுப் பாத்தியையும் ஒரே நாளில் நிரப்பாமல் 2 வாரத்துக்கு ஒரு வரிசை போட்டால் தழை விடாமல் கிடைக்கும். அப்புறம், விதை தழைக்கான ரகமா, தனியாவுக்கான ரகமா என்று கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

இப்போது இருக்கும் செடிகளில் அடியிலுள்ள அகல இலைகளை இன்றே பறித்துவிடுங்கள். அடுப்பை அணைத்த பிறகு போட்டால்தான் மணம் நிற்கும். பிடுங்கிய செடியின் வேரையும் எறிய வேண்டாம். கழுவி அரைத்துச் சேருங்கள். இலையைவிட அது கொதி தாங்கும்.

விதைக்கு விடுவதானால் கடைசியாகப் பூக்கிற செடியை விடுங்கள். முந்திப் பூத்ததில் எடுத்தால் அடுத்த முறையும் முந்திப் பூப்பதே வரும்.