சொதிப் பந்தியில் எப்படி உட்காருவேன்?

கேள்வி: எனக்கு 24 வயது. ஊர் கல்லிடைக்குறிச்சி, வேலை சென்னையில். காலேஜ் படிக்கும்போதிருந்தே பகல் முழுக்கப் பட்டினி கிடப்பேன். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிடுவேன், பிறகு விரலை விட்டு வாந்தி எடுப்பேன். போன வருடம்தான் டாக்டரிடம் போனேன், புலிமியா என்றார். மாத்திரை, கவுன்சிலிங் இரண்டும் நடக்கிறது. இப்போது வாந்தி எடுப்பது நன்றாகவே குறைந்திருக்கிறது. தை மாதம் அண்ணனுக்குப் பாளையங்கோட்டையில் கல்யாணம், மறுநாள் சொதிச் சாப்பாடு, எங்கள் பக்கத்துத் தேங்காய்ப்பால் குழம்பு விருந்து. சொந்தபந்தம் எல்லாம் என் உடம்பையும் என் இலையையும்தான் பார்க்கும். "ரெண்டு நாள் வயித்தக் காயப்போடு, பொறவு பந்தியில உக்காந்து நல்லா சாப்புடு, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்கிறாள் அம்மா. லீவு இல்லை என்று சொல்லி, முகூர்த்தத்துக்கு மட்டும் தலையைக் காட்டிவிட்டு வந்துவிடலாமா?

– பெயர் வேண்டாம்

பதில்: தங்கச்சி, கல்யாணத்துக்குப் போ, சொதிக்கும் இரு. அம்மா சொல்லும் அந்த இரண்டு நாள் பட்டினி மட்டும் கூடவே கூடாது.

எனக்கும் இதே நோய் இருந்தது. வலது கை விரல் முட்டிகளில் பல் பட்டுப் பட்டுக் காய்த்துப்போன தழும்பு இன்னும் லேசாகத் தெரியும். "என்னட்டி இது?" என்று ஆச்சி கேட்டதற்கு, தோசைக்கல் சுட்டுவிட்டது என்று சொன்னேன். கடைசியில் மயக்கம் வருகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கு, நாடி பார்க்கக் கையைப் பிடித்த டாக்டரம்மா தழும்பைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நாளா இருக்கு?" என்று மட்டும் கேட்டார். லண்டனில் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர் 1979-இல் இந்த நோயைத் தனியாகப் பிரித்து எழுதினார், இந்தத் தழும்பையே அவர் பெயரால்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள் என்று டாக்டரம்மாவே விளக்கினார். வீட்டுக்குத் தெரியாமல் நான் மூடி மூடி வைத்தது டாக்டர்களுக்குத் தெரிந்த ஒரு நோய்தான் என்று தெரிந்ததே எனக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. உன் அம்மாவுக்கும் இதைச் சொல். திமிரும் இல்லை, பிடிவாதமும் இல்லை, நோய்.

பட்டினி ஏன் ஆகாது என்றால், ராத்திரி வரும் அந்த வெறி பகல் பட்டினியில்தான் பிறக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் சாப்பாட்டை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துப் பார்த்தார். உடம்பும் மனசும் திடமாக இருந்த பையன்கள்தான். கொஞ்ச நாளிலேயே அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை, சமையல் புத்தகங்களை உட்கார்ந்து படித்தார்கள், தட்டை நக்கினார்கள். திரும்பச் சாப்பாடு கொடுத்தபோது சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டும் நிறுத்த முடியவில்லை. திடமான ஆம்பளைப் பையன்களுக்கே அந்தக் கதி. குணமாகி வரும் நீ இரண்டு நாள் காய்ந்துவிட்டுப் பந்தியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும்.

ஆகவே கல்யாணத்தன்றும் மணி பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். பசிக்கிறதா, இல்லையா என்று உன் வயிறு இப்போதைக்குச் சரியாகச் சொல்லாது. மூன்று வேளை, நடுவில் இரண்டு முறை ஏதாவது. மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இருக்கக் கூடாது. கல்யாண வீட்டில் டிபன் எத்தனை மணிக்கு வரும் என்று யாரும் சொல்ல முடியாது. கைப்பையில் இரண்டு வாழைப்பழம், ஒரு கடலைமிட்டாய் பாக்கெட் போட்டுக்கொள்.

ஜாக்கெட் விஷயம். பழைய அளவைக் கொடுத்துத் தைத்துவிட்டு, அதற்குள் உடம்பை இறக்கப் பார்க்காதே. இப்போதே புதிதாக அளவு எடு, உள்ளே நன்றாகத் துணி விட்டுத் தைக்கச் சொல், அளவைச் சத்தமாகச் சொல்லாமல் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல். டெய்லர் அக்கா ஏன் என்று கேட்க மாட்டார். கேட்டாலும் கேட்கட்டும்.

இனி சொதி. எனக்கு மிகவும் பயம் காட்டிய சாப்பாடு அதுதான். பாசிப்பருப்பு, முருங்கைக்காய், உருளைக்கிழங்கு எல்லாம் இரண்டாம் பாலில் வெந்து, கடைசியில் கெட்டியான தலைப்பாலை ஊற்றிக் கொதி வருவதற்குள் இறக்கும்போது மேலே மினுங்குமே, அந்த மினுக்கத்தைப் பார்த்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும். டயட்டீஷியன் என்ன செய்தார் தெரியுமா? விசேஷம் எதுவும் இல்லாத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே சொதி வைக்கச் சொன்னார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கோவில் கொடை விஷயம் பேசிக்கொண்டே சாப்பிட்டாள். நானும் இஞ்சித் துவையலைத் தொட்டுக்கொண்டு சாப்பிட்டேன். முதல் தடவை கை நடுங்கியது, அடுத்தடுத்த தடவைகளில் நடுக்கம் குறைந்தது. பயப்படும் சாப்பாட்டோடு கூட்டமில்லாத இடத்தில் முதலில் பழக வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஊருக்கு வரும்போது நீயும் செய்து பார், உன் கவுன்சிலரிடமும் கேட்டுக்கொள்.

பந்தியில் தனியாக உட்காராதே. விஷயம் தெரிந்த ஒருத்தி, சித்தி மகளோ சிநேகிதியோ, உன் இடது பக்கம் இருக்கட்டும். போதும் என்றால் இலைக்கு மேலே கையை மறித்துவிடு. இலை காலியாகத் தெரிந்தால் நம் ஊரில் வாளி வந்துவிடும். அதனால் கடைசி வாய் சோற்றை மெதுவாகச் சாப்பிடு. சாப்பிட்டு முடித்த பிறகு வரும் ஒரு மணி நேரம்தான் கஷ்டம். அந்த நேரத்துக்கு வாசலில் தாம்பூலப் பை கொடுக்கும் வேலையை இப்போதே கேட்டு வாங்கிக்கொள். வருகிறவர்கள் போகிறவர்கள் முன்னால் நிற்கும்போது பாத்ரூம் பக்கம் கால் போகாது.

"வத்திப் போயிட்டியே", "சதை போட்டுட்டியே" இரண்டும் வரும். விளக்கம் சொல்லாதே. "அத்தே, பொண்ணு சேலை நல்லாருக்கா? நீங்க எப்ப வந்திய?" என்று பேச்சைத் திருப்பு. கல்யாண வீட்டில் பேச்சைத் திருப்புவது லேசு.

அப்படியும் ஒருவேளை வாந்தி எடுத்துவிட்டால், அடுத்த வேளைச் சாப்பாட்டை நிறுத்தாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உடனே பல் தேய்க்காதே. வயிற்று அமிலம் பட்டு மிருதுவாகியிருக்கும் பல் எனாமல் பிரஷ் பட்டால் தேயும், வெறும் தண்ணீரில் கொப்பளித்தால் போதும். படபடப்பு, கை கால் தளர்ச்சி, மயக்கம், வாந்தியில் ரத்தம், இவற்றில் எது வந்தாலும் கல்யாணம் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. வாந்தியால் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் நம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ராத்திரியில் மனசு தாங்காவிட்டால் 14416, டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண். 2022-இலிருந்து இருக்கிறது, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. விசேஷம் என்று மாத்திரையை நிறுத்திவிடாதே.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. மதினி, உங்களுக்குப் பிள்ளை மேல் உள்ள பாசம் எனக்குத் தெரிகிறது. அந்த இரண்டு நாளும் அவள் இலையைப் பார்க்காதீர்கள். நன்றாகச் சாப்பிட்டாள் என்று மெச்சவும் வேண்டாம், மெலிந்தாள் பெருத்தாள் என்ற பேச்சே வேண்டாம். யாராவது ஆரம்பித்தால், "அவ உடம்ப அவ பாத்துக்கிடுவா" என்று நீங்கள் சொல்லிவிட்டால், அவளுக்குப் பதில் சொல்லும் பாரம் இல்லை.

தங்கச்சி, கல்யாணம் முடிந்து சென்னையில் தனி அறைக்குத் திரும்பும் அந்த வாரத்தையும் யோசித்துக்கொள். வீடு நிறைய ஆட்களோடு இருந்துவிட்டுப் போகும்போது பழைய ராத்திரிகள் எட்டிப் பார்க்கும். அந்த வாரத்துக்கே கவுன்சிலரிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும். ரயில் டிக்கெட் போடும் அன்றைக்கே அதற்கும் போன் பண்ணிவிடு.